ஊட்டிக் கல்லூரிகளின் ஸ்போர்ட்ஸ் டே மரபு எங்கிருந்து வந்தது? எதை விடலாம், எதை விடக்கூடாது?

ஊட்டியில் ஒரு கல்லூரிக்கு விளையாட்டுச் செயலாளராகப் பொறுப்பேற்றிருக்கிறீர்கள். மார்ச் பாஸ்ட், ஜோதி, உறுதிமொழி, சுழற்கோப்பை எல்லாம் எங்கிருந்து வந்தன, நேரம் போதாவிட்டால் எதைக் குறைக்கலாம், சின்ன மைதானத்தில் 200 மீட்டர் ட்ராக் எப்படிப் போடுவது என்று கேட்டிருக்கிறீர்கள். விடக்கூடாதது எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ரெக்கார்டு போர்டு. உங்கள் கல்லூரியின் தடகள வரலாறு முழுக்க அந்தப் பலகையில்தான் இருக்கிறது. அதில் ஏறும் ஒவ்வொரு எண்ணும் நம்பும்படி இருந்தால்தான் கோப்பைக்கும் மதிப்பு.

கல்லூரித் தடகளம் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது. 1850-ல் அங்குள்ள எக்ஸிடர் கல்லூரி மாணவர்கள் நடத்திய போட்டியைத்தான் முன்னோடியாகச் சொல்வார்கள். ஆக்ஸ்ஃபோர்டும் கேம்பிரிட்ஜும் மோதிய முதல் தடகளப் போட்டி 1864-ல். நம் பக்கம் இது முறைப்பட்டது 1920-க்குப் பிறகு. அந்த வருடம்தான் அமெரிக்க உடற்கல்வி ஆசிரியர் ஹாரி க்ரோ பக் சென்னையில் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்ஸுக்கு இந்திய அணியைத் தயார் செய்ததிலும் அவருக்குப் பங்குண்டு. தமிழ்நாட்டுப் பி.டி. மாஸ்டர்களின் பரம்பரை அந்தக் கல்லூரியிலிருந்து கிளைத்ததுதான். உறுதிமொழி ஒலிம்பிக்ஸிலேயே 1920-ல்தான் வந்தது, ஜோதி ஓட்டம் 1936-ல். ஆகவே ஜோதியைச் சுருக்கினால் தொன்மை ஒன்றும் குலைந்துவிடாது. மைதானத்தை இரண்டு சுற்று சுற்றி வர வேண்டிய அவசியமில்லை.

ஊட்டி அரசு கலைக் கல்லூரி 1955-ல் தொடங்கியது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1822-ல் கட்டத் தொடங்கிய ஸ்டோன் ஹவுஸ் இருப்பது அந்த வளாகத்தில்தான். 1982-ல் பாரதியார் பல்கலைக்கழகம் வந்தபின் நீலகிரி மாணவர்களுக்குக் கல்லூரிகளுக்கிடையிலான போட்டி என்றாலே கோவைக்கு இறங்குவதுதான். அங்கே தேறினால் பல்கலை அணி, அதற்கு மேல் இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் அகில இந்தியப் போட்டி. மொத்த விளையாட்டுகளிலும் சிறந்த பல்கலைக்குத் தரும் மௌலானா ஆசாத் கோப்பை 1956-57-லிருந்து இருக்கிறது.

இனி உங்கள் மலைக்கே உரிய விஷயம். ஊட்டி கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர். 1968 ஒலிம்பிக்ஸ் நடந்த மெக்சிகோ நகரமும் ஏறக்குறைய அதே உயரம். அங்கே பாப் பீமன் 8.90 மீட்டர் தாண்டினார், ஜிம் ஹைன்ஸ் 100 மீட்டரை 9.95-ல் ஓடினார். ஆனால் 10,000 மீட்டரில் தங்கம் வென்ற நஃப்தாலி டெமுவுக்கு 29 நிமிடம் 27.4 விநாடி பிடித்தது. காற்று மெலிந்திருப்பதால் உடலைத் தடுக்கும் விசை குறைகிறது, குறுந்தூரக்காரருக்கு லாபம். மூச்சுக்கு ஆக்சிஜனும் குறைகிறது, நெடுந்தூரக்காரருக்கு நஷ்டம். 1,000 மீட்டருக்கு மேல் எடுத்த அளவுகளுக்குப் பக்கத்தில் ‘ஏ’ (ஆல்டிட்யூட், அதாவது உயரம்) என்று குறிப்பது சர்வதேச வழக்கம். உங்கள் 1500, 5000 மீட்டர் ரெக்கார்டைக் கோவை கல்லூரியின் போர்டோடு ஒப்பிட்டு மாணவர்கள் மனம் தளர்வதாக எழுதியிருக்கிறீர்கள். அவர்களுக்கு இந்தக் கணக்கை எடுத்துச் சொல்லுங்கள்.

ட்ராக்குக்கு வருவோம், அதிகம் தப்பு நடப்பது இங்கேதான். 200 மீட்டருக்கு நேர்ப்பகுதி 40 மீட்டர் வீதம் இரண்டு வைத்துக்கொண்டால் வளைவுகளுக்கு 120 மீட்டர் மிஞ்சும். அதற்கு, ஓடுபவர் கால் படும் பாதையின் ஆரம் 19.10 மீட்டர். வெறும் சுண்ணாம்புக் கோடு என்றால் கோட்டிலிருந்து 20 செ.மீ. தள்ளி அளப்பது விதி, ஆகவே உள்கோட்டுக்கு 18.90 மீட்டர் ஆரம் போட வேண்டும். உயர்த்திய விளிம்புக்கட்டை இருந்தால் மட்டும் 30 செ.மீ. கட்டையே இல்லாத மைதானத்தில் 30 கணக்கில் 18.80 போட்டால் ஒரு சுற்றுக்கு 63 செ.மீ. குறைந்துவிடும். முதலில் 40-க்கு 37.80 மீட்டர் செவ்வகம் கட்டுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 55.03 வந்தால்தான் முளை அடிக்க வேண்டும். குறுகிய பக்கங்களின் நடுப்புள்ளிகள்தான் வளைவின் மையங்கள். வளைவுக்கு நைலான் கயிறு வேண்டாம், இழுத்த இழுப்புக்கு நீளும். கம்பியோ ஸ்டீல் டேப்போ எடுங்கள். லேன் 1.22 மீட்டர். ஆறு லேனுக்கு மொத்த இடம் சுமார் 92.5-க்கு 52.5 மீட்டர்.

ஸ்டேகர், அதாவது வெளி லேன்களின் தொடக்கக் கோட்டை முன்னால் தள்ளும் தூரம், ஒரு சுற்றுக்கு லேன் ஒன்றுக்கு 7.67 மீட்டர். இரண்டாம் லேனுக்கு 7.04 என்று புத்தகத்தில் பார்த்திருப்பீர்கள். அது கட்டை வைத்த ட்ராக்குக்கு. கோடு மட்டும் போட்ட ட்ராக்கில் அதை வைத்தால் இரண்டாம் லேன் முதல் எல்லோரும் 63 செ.மீ. கூடுதலாக ஓடுவார்கள். 400 மீட்டரில் இரண்டு சுற்றும் லேனிலேயே என்றால் ஸ்டேகர் இரட்டிப்பாகும், 15.33.

சரிவைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். மலையில் கண் ஏமாற்றும். எதிரே சாய்ந்த தேயிலைத் தோட்டம் தெரிந்தால் சாய்ந்த தரையும் மட்டமாகத் தோன்றும். ஓடும் திசையில் அனுமதிக்கப்பட்ட இறக்கம் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 100 மீட்டருக்கு 10 செ.மீ. கொத்தனார் வைத்திருக்கும் ட்யூப் லெவல் இதற்குப் போதும். 25 மீட்டர் வீதம் நான்கு தடவையாகப் பாருங்கள். ட்யூபுக்குள் ஒரு காற்றுக் குமிழி நின்றாலும் அளவு பொய்யாகும், தண்ணீரை மெதுவாக நிரப்பித் தட்டித் தட்டி வெளியேற்றுங்கள். இறக்கம் 10-ஐத் தாண்டினால் ஓட்டத்தை எதிர்ப்பக்கமாகத் திருப்புங்கள், அல்லது ‘ரெக்கார்டுக்கு ஏற்றதல்ல’ என்று முன்கூட்டியே அறிவியுங்கள். குண்டு எறிதலுக்கும் இதே விதி. விழும் இடம் பத்து செ.மீ. தாழ்ந்தால் தூரமும் ஏறக்குறைய அவ்வளவு கூடிவிடும். குண்டு விழ வேண்டிய பகுதியின் எல்லையான செக்டர் கோடு போட கோணமானி தேவையில்லை. வட்ட மையத்திலிருந்து 20 மீட்டரில் இரண்டு கோடுகளுக்கும் இடைவெளி 12 மீட்டர் இருந்தால் சரி.

பனிக்காலத்துக் காலையில் புல் நனைந்திருக்கும், சுண்ணாம்பு கட்டிகட்டியாக விழும். முதல் நாள் மாலையே கோடு போட்டு, காலையில் தேய்ந்த இடத்தை மட்டும் தொட்டுவிடுங்கள். நீற்றாத சுண்ணாம்பு கூடவே கூடாது. ஈரம் பட்டால் கொதிக்கும், விழுந்தவரின் தோலையும் கண்ணையும் புண்ணாக்கும். நீளம் தாண்டும் குழியில் மணலை ராத்திரி தார்ப்பாய் போட்டு மூடி, போட்டிக்கு முன் ஒரு அடி ஆழம் கிளறுங்கள். இறுகிய ஈர மணல் கணுக்காலை வாங்கும்.

மூடுபனியில் நேரம் எடுப்பது தனிச் சிக்கல். துப்பாக்கிச் சத்தத்துக்கு வாட்சை அழுத்தக் கூடாது, புகைக்குத்தான் அழுத்த வேண்டும். சத்தம் 100 மீட்டர் வந்து சேர 0.3 விநாடி ஆகிறது, அவ்வளவும் ஓடியவருக்குக் கள்ள லாபம். வெள்ளைப் பனியில் வெள்ளைப் புகை தெரியாது. ஸ்டார்ட்டருக்குப் பின்னால் கறுப்புப் பலகை வையுங்கள். பலகையே தெரியவில்லையா, பனி விலகும்வரை காத்திருங்கள். கையால் அழுத்தும் ஸ்டாப்வாட்ச் நேரத்தைப் பத்தில் ஒன்றுக்கு மேல்நோக்கி முழுமையாக்க வேண்டும்: 11.32 என்றால் 11.4. கீழ்நோக்கி 11.3 என்று எழுதிய ரெக்கார்டை யாராலும் முறையாக உடைக்க முடியாது.

நேரம் போதாமல் ஜோதி, டிரில் (கூட்டு உடற்பயிற்சி) எதைச் சுருக்கினாலும் க்ராஸ் கன்ட்ரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அந்த எக்ஸிடர் போட்டியே வயல்வெளி ஓட்டத்திலிருந்து பிறந்ததுதான், உங்கள் மண்ணுக்கும் அதுதான் பொருந்துகிறது. இரண்டு கிலோமீட்டர் வளையமாகப் போட்டால் ஆள் நிறுத்துவது எளிது. தொடங்கிய 300 மீட்டருக்குள் செங்குத்து ஏற்றம் வேண்டாம். ஆரம்ப வேகத்தில் மூச்சு வாங்கிப் பாதிப் பேர் நடக்கத் தொடங்குவார்கள். கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தடியில் நனைந்த இலையும் பட்டையும் வழுக்கும், இறக்கத்தில் கூட்டித் தள்ளுங்கள். காலை எட்டுக்கு முன் வேண்டாம், காட்டுமாடு மேய்ச்சலில் இருக்கும். அரை மணி முன்னதாக இருவர் பாதையைப் பார்த்து வரட்டும். அணிக்கு ஆறு பேர், முதல் நால்வரின் இடங்களைக் கூட்டி, குறைந்த எண் வந்த அணிக்குக் கோப்பை.

கடைசியாக, போர்டு. பெயர், வருடம், அளவு மட்டும் போதாது. கை நேரமா மின்னணு நேரமா, காற்றின் வேகத்தை அளந்தார்களா, 200 மீட்டர் ட்ராக்கா 400 மீட்டர் ட்ராக்கா என்று மூன்று கட்டம் சேருங்கள். பழைய மைதானத்து ரெக்கார்டுகளை அழிக்க வேண்டாம். ‘பழைய மைதானம்’ என்று ஒரு கோடு கிழித்து அவற்றை மேலே அப்படியே விட்டுவிட்டு, புதிய அளவுகளைக் கீழே தொடங்குங்கள்.