Re: வேலையை விட்டுவிட்டு திருவண்ணாமலை குகையில் தனியாக இருக்க முடியுமா?

வேலையை ராஜினாமா செய்துவிட்டு மலைக் குகையில் போய் உட்காரலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் நடைமுறை: மலையில் ரமண மகரிஷி வாழ்ந்த விரூபாட்ச குகை, ஸ்கந்தாசிரமம் இரண்டிலும் பகலில் போய் உட்காரலாம், இரவு தங்க முடியாது. ரமணாசிரமத்தில் தங்க வேண்டுமானால் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும், அதுவும் சில நாட்களுக்குத்தான் கிடைக்கும்.

அப்புறம், ரமணர் தன்னந்தனியாக இருந்தார் என்று நினைக்கிறீர்களே, அது பாதிதான் சரி. 1896இல் பதினாறு வயதில் வந்தவர், அருணாசலேஸ்வரர் கோவிலில் பாதாள லிங்கம் என்ற நிலவறைச் சந்நிதியில் பூச்சி கடித்துத் தொடையெல்லாம் புண்ணாகியும் அசையாமல் கிடந்தபோது பிறர்தான் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். விரூபாட்ச குகையில் 1899 முதல் 1916 வரை இருந்த காலத்திலும் அவருக்குப் பணிவிடை செய்த பழனிசுவாமி கூடவே இருந்தார், ஊருக்குள் பிச்சை எடுத்துவந்து பகிர்ந்து சாப்பிட்டார்கள், கடைசியில் அம்மாவும் வந்து சேர்ந்துகொண்டார். சோறு எங்கிருந்து வரும் என்ற கேள்வி துறவிக்கும் உண்டு. உங்கள் பதிவில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

வீட்டை விட்டு வரட்டுமா என்று கேட்டவர்களிடம் ரமணரே, இடம் மாறினாலும் மனசு கூடவே வரும் என்கிற மாதிரிதான் சொல்லியிருக்கிறார். நான் முதல்முறை அந்தக் குகையில் உட்கார்ந்தபோது, உள்ளே கதகதப்பும் இருட்டுமாக நன்றாகத்தான் இருந்தது, ஆனால் அரை மணி நேரமும் வெளியே விட்ட செருப்பைக் குரங்கு தூக்கிப் போயிருக்குமோ என்றே யோசித்துக்கொண்டிருந்தேன்.

ராஜினாமா கடிதத்தை இப்போதைக்கு எழுதாதீர்கள். பத்து நாள் லீவு போடுங்கள், போனை அணைத்துவிட்டுப் போய் இருந்து பாருங்கள். பௌர்ணமியை மட்டும் தவிர்த்துவிடுங்கள், கிரிவலக் கூட்டத்தில் அறையே கிடைக்காது.