கான்சாஸ் கல்லூரி, கூடைப்பந்து, 'முழு ஸ்காலர்ஷிப்': ஒரு தாயின் கேள்விக்குப் பதில்

வணக்கம் அம்மா. பிளஸ் டூ முடித்த மகன், கோவையில் நல்ல கூடைப்பந்து ஆட்டக்காரன். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கம்யூனிட்டி காலேஜ் அவனை அழைக்கிறது, முழு ஸ்காலர்ஷிப் என்கிறார் ஏஜென்ட், முன்பணமும் கேட்கிறார். அனுப்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அனுப்பலாம். ஆனால் அந்தக் கல்லூரியின் விளையாட்டுத் துறைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது, அதில் உங்கள் மகனுக்கு எவ்வளவு வரும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான். இந்த இரண்டும் தெரியாமல் ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம்.

கம்யூனிட்டி காலேஜ் என்பது இரண்டு வருடக் கல்லூரி. அங்கே விளையாட்டை நடத்தும் பெரிய அமைப்பு என்ஜேசிஏஏ, 1938இல் தொடங்கியது. அதில் மூன்று டிவிஷன்கள். முதல் டிவிஷன் கல்லூரி விரும்பினால் படிப்புக் கட்டணம், புத்தகம், விடுதி, சாப்பாடு, வருடத்துக்கு ஒரு முறை போய்வரும் செலவு வரை கொடுக்கலாம். இரண்டாம் டிவிஷனில் படிப்புக் கட்டணமும் புத்தகமும்தான். விடுதி, சாப்பாடு உங்கள் கணக்கு. மூன்றாம் டிவிஷனில் விளையாட்டுக்காக ஒரு டாலர்கூடத் தர விதியில் இடமில்லை. கலிஃபோர்னியா கம்யூனிட்டி காலேஜ்கள் தங்களுக்கென்று தனி அமைப்பு வைத்திருக்கின்றன, அங்கேயும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் ஒரு கம்யூனிட்டி காலேஜில் முழு ஸ்காலர்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம். கான்சாஸில் முதல் டிவிஷன் கல்லூரிகளும் உண்டு, இரண்டாம் டிவிஷன் கல்லூரிகளும் உண்டு. அதனால் உங்கள் முதல் கேள்வி: ஆண்கள் கூடைப்பந்தில் இந்தக் கல்லூரி எந்த டிவிஷன்?

'கொடுக்கலாம்' என்று விதி சொன்னால் கல்லூரி கொடுக்கிறது என்று அர்த்தமில்லை. பணக் கதையை நிதானமாகச் சொல்கிறேன், முக்கியமான இடம் இதுதான். டிவியில் பார்க்கும் அமெரிக்கப் பல்கலைக்கழக விளையாட்டுக்கு ஒளிபரப்பு உரிமை, டிக்கெட், பெரிய நன்கொடை என்று கோடிக்கணக்கில் பணம் வருகிறது. கம்யூனிட்டி காலேஜில் அதெல்லாம் இல்லை. அந்த மாவட்டத்து மக்கள் கட்டும் சொத்து வரி, மாநில அரசு தரும் உதவி, மாணவர்கள் கட்டும் கட்டணம், உள்ளூர்க் கடைக்காரர்களின் நன்கொடை ஆகியவற்றிலிருந்துதான் விளையாட்டுத் துறை நடக்கிறது. அப்படியிருந்தும் கோதுமை வயல்களுக்கு நடுவில் இருக்கும் ஒரு சிறிய கல்லூரி ஏன் இத்தனை அணிகளை வைத்திருக்கிறது? சேர்க்கைக்காக. ஆட்டக்காரன் முழுநேர மாணவனாக, பருவத்துக்கு 12 கிரெடிட்டாவது எடுத்துப் படித்தாக வேண்டும். வெளியூரிலிருந்து வருவதால் விடுதியில் தங்குவான், மெஸ்ஸில் சாப்பிடுவான். அவனுக்குக் கட்டணத்தில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்தாலும் மீதியை அவன் குடும்பம் கட்டுகிறது. கல்லூரியில் இடமும் நிரம்புகிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. மாணவர் குறைந்துபோன கிராமப்புறக் கல்லூரிகள் இப்படித்தான் கதவைத் திறந்து வைத்திருக்கின்றன, நல்ல படிப்பும் அங்கே கிடைக்கிறது. ஆனால் நம் ஊர் ஸ்போர்ட்ஸ் கோட்டா போல அரசு ஒதுக்கிய இடம் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் மகன் அந்த அணிக்கு ஆட்டக்காரன், அந்தக் கல்லூரிக்குக் கட்டணம் கட்டும் மாணவன். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை.

பணம் இறுகினால் என்ன ஆகும் என்பதற்கு அரிசோனாவைப் பாருங்கள். ஃபீனிக்ஸ் நகரைச் சுற்றியுள்ள மாரிகோபா கம்யூனிட்டி காலேஜ் மாவட்டம், 2018 பிப்ரவரியில் தன் நான்கு கல்லூரிகளின் அமெரிக்கக் கால்பந்து அணிகளை அந்த வருடத்தோடு நிறுத்துவதாக அறிவித்தது. காரணம் செலவு. வருடத்துக்கு ஏறத்தாழ 7,70,000 டாலர் ஆகிறது, அதற்கு மேல் மைதானம், கட்டட வேலைகளுக்குப் பெரும் தொகை வேண்டும் என்று கணக்குக் காட்டினார்கள். அதே வருடம் டூசானில் இருக்கும் பீமா கம்யூனிட்டி காலேஜும் தன் அணியை நிறுத்த முடிவு செய்தது. கூடைப்பந்து அவ்வளவு செலவு பிடிக்காத ஆட்டம், அதனால் இவ்வளவு பயம் வேண்டாம். ஆனாலும் அணி போனால் படிப்பு நிற்குமா நிற்காதா என்று யோசித்து வைப்பது பெற்றோரின் வேலை.

சரி, இந்தக் கல்லூரி உண்மையில் எவ்வளவு கொடுக்கிறது என்று ஏஜென்ட்டைக் கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடி, மாணவர்களுக்கான மத்திய அரசு உதவியும் பெறும் கல்லூரிகள், விளையாட்டு வரவு செலவை ஒவ்வொரு வருடமும் அக்டோபர் 15க்குள் வெளியிட வேண்டும் என்று 1994இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. அந்த விவரங்கள் அமெரிக்கக் கல்வித் துறையின் இணையதளத்தில் கல்லூரி வாரியாக இருக்கின்றன, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். எந்த அணியில் எத்தனை பேர், பயிற்சியாளர்களின் சராசரிச் சம்பளம், ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாகக் கொடுத்த விளையாட்டு உதவித்தொகை எல்லாம் அதில் உண்டு. ஆண்களுக்கான மொத்த உதவித்தொகையை ஆண் ஆட்டக்காரர்களின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். உதாரணத்துக்கு, 3,00,000 டாலர் 150 பேருக்கு என்றால் தலைக்கு 2,000 டாலர். அப்படி ஒரு எண் வந்தால், 'எல்லாருக்கும் முழு ஸ்காலர்ஷிப்' என்ற பேச்சு அந்தக் கல்லூரியில் நடக்காத காரியம். அந்த அறிக்கையில் வரவும் செலவும் ஒரே தொகையாக இருந்தால் விளையாட்டுத் துறை தன் காலில் நிற்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். கல்லூரி தன் பொது நிதியிலிருந்து போடும் பணத்தையும் வரவாகவே எழுதுவார்கள். கூடைப்பந்து அணியில் எத்தனை பேர் என்பதையும் பாருங்கள். களத்தில் ஐந்து பேர் ஆடும் ஆட்டத்துக்கு முப்பது பேர் இருந்தால் உங்கள் மகன் எத்தனை நிமிடம் ஆடுவான் என்று பயிற்சியாளரிடம் நேராகக் கேட்க வேண்டியதுதான்.

அடுத்தது ஐ-20. விசாவுக்குக் கல்லூரி தரும் இந்தப் படிவத்தின் முதல் பக்கத்தில் ஒரு பகுதியில் மொத்தச் செலவு, இன்னொரு பகுதியில் அதற்கான பணம். அந்த இரண்டாவது பகுதியில் மாணவரின் சொந்தப் பணம் ஒரு வரி, கல்லூரி தரும் பணம் ஒரு வரி. ஏஜென்ட் வாயால் என்ன சொன்னாலும் சரி, கல்லூரி எழுதிக் கொடுக்கும் எண் அந்த வரியில்தான் இருக்கிறது. அதோடு ஸ்காலர்ஷிப் ஒப்பந்தத்தையும் சேர்த்துப் படியுங்கள். அது ஒரு கல்வியாண்டுக்குத்தான். அடிபட்டால், பயிற்சியாளர் மாறினால், மதிப்பெண் குறைந்தால் இரண்டாம் வருடம் என்ன ஆகும் என்பதை மின்னஞ்சலில் கேட்டு வாங்குங்கள். காப்பீடு பற்றியும் கேளுங்கள். கல்லூரி எடுக்கும் விளையாட்டுக் காப்பீடு பெரும்பாலும் மாணவரின் சொந்தக் காப்பீடு கொடுத்தது போக மீதிக்குத்தான். முழங்கால் அறுவை சிகிச்சை அமெரிக்காவில் என்ன விலை என்று உங்களுக்கே தெரியும்.

இரண்டு வருடம் முடிந்ததும் பெரிய பல்கலைக்கழக அணி எடுத்துக்கொள்ளும் என்று ஏஜென்ட் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வழி உண்மையில் இருக்கிறது, நிறையப் பேர் போயிருக்கிறார்கள். ஆனால் இப்போது அங்கே கடும் நெரிசல். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற ஒரு சமரசத்தின்படி, என்சிஏஏ என்ற பல்கலைக்கழக விளையாட்டு அமைப்பின் முதல் டிவிஷன் பல்கலைக்கழகங்கள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம், ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு 15 பேர் என்று வரம்பும் வந்திருக்கிறது. அந்த இடங்களுக்கு மற்ற பல்கலைக்கழகங்களில் ஆடி முடித்த அனுபவசாலிகளும் போட்டியிடுகிறார்கள். பல்கலைக்கழக அணியில் ஆட இத்தனை வருடம்தான் என்று வரம்பு உண்டு; கம்யூனிட்டி காலேஜில் ஆடிய வருடங்கள் அந்தக் கணக்கில் வராது என்றும் ஏஜென்ட் சொல்லியிருப்பார். 2024 டிசம்பரில் டியேகோ பாவியா என்ற ஆட்டக்காரர், அந்த வருடங்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்ற வழக்கில் தடையாணை பெற்ற பிறகு, அவரைப் போன்ற நிலையில் இருந்தவர்களுக்கு 2025-26க்கு மட்டும் என்சிஏஏ விலக்கு கொடுத்தது. அதை நம்பி உங்கள் மகனின் நான்கு வருடத்தைத் திட்டமிடக் கூடாது.

என் கவலை வேறு. அவனுக்கு கம்ப்யூட்டர் சயின்ஸ் ஆசை என்றீர்கள். இரண்டு வருடத்தில் கிடைக்கும் அசோசியேட் பட்டத்தோடு ஊர் திரும்பினால் இங்கே அது பி.எஸ்சி.க்குக்கூடச் சமம் ஆகாது. அதனால் கால்குலஸ், இயற்பியல், புரோகிராமிங் எல்லாம் அந்தக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்களா, அந்தக் கிரெடிட்களைக் கான்சாஸ் ஸ்டேட் மாதிரி ஒரு பல்கலைக்கழகம் அப்படியே ஏற்குமா என்று இப்போதே பார்க்க வேண்டும். கூடைப்பந்து இல்லாமலே அங்கே மூன்றாம் வருடம் சேர்ந்தால் எவ்வளவு ஆகும் என்ற கணக்கையும் போட்டுவிடுங்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் வாரம் 20 மணி நேரம், அதுவும் கல்லூரி வளாகத்துக்குள், வேலை பார்க்கலாம். பயிற்சியும் பயணமும் போக அந்த 20 மணி நேரம் அவனுக்குக் கிடைக்காது, அதை வரவில் எழுத வேண்டாம். அந்தக் கணக்கு உங்களால் தாங்கக்கூடியதாக இருந்தால் நானே அனுப்பச் சொல்வேன்.

இந்த வாரம் மகனையே பயிற்சியாளருக்கு எழுதச் சொல்லுங்கள், நீங்கள் எழுத வேண்டாம், ஏஜென்ட்டும் வேண்டாம். எந்த டிவிஷன், படிப்புக் கட்டணம், விடுதி, சாப்பாடு, புத்தகம் என்று ஒவ்வொன்றிலும் கல்லூரி எவ்வளவு தரும், அணியில் எத்தனை பேர், போன வருடம் ஆடி முடித்தவர்கள் இப்போது எங்கே படிக்கிறார்கள் என்று கேட்கட்டும். பதில் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.