சட்டைப்பையில் ஒரு ரிப்பன்

அன்புள்ள ஐயா,

உங்கள் படக்கதையை என் ஐந்து வயது மகளுக்கு வாசித்துக் காட்டினேன். தலை ரிப்பனைக் காணாமல் ஒரு சிறுமி நாள் முழுவதும் வீட்டில் தேடுகிறாள். அது வேலைக்குப் போன அப்பாவின் சட்டைப்பையில் இருப்பதை மகள் சொல்லித்தான் கவனித்தேன். அப்பாவின் பாசத்தைக் கடைசிப் பக்கத்திலாவது ஒரு வரியில் சொல்லியிருக்கலாமே?

அன்புடன்,
ர.

அன்புள்ள ர. அவர்களுக்கு,

மகள் முந்திக்கொண்டதில் வியப்பில்லை. வாசிப்பவரின் கண் எழுத்தின்மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது, எழுத்துக் கூட்டத் தெரியாத குழந்தைக்குப் படத்தின் மூலைமுடுக்கெல்லாம் துழாவிப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது. காதில் விழுவதையே படமும் திருப்பிச் சொன்னால் அந்தக் கண்ணுக்கு வேலையே இராது. என் கைப்பிரதியில் ரிப்பனைக் காணவில்லை என்பது மட்டுமே இருந்தது. இடப்பக்கத்தில் கதைச் சிறுமி கட்டிலுக்கடியில் தேட, வலப்பக்கத்தில் அப்பாவின் பையிலிருந்து அதன் நுனி எட்டிப்பார்க்கும்படி வரைந்தவர் ஓவியர். பாராட்டு அவருக்கே உரியது.

அச்சுத்தாளை மடிக்கும் கணக்கினால் இத்தகைய நூல்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அடங்குகின்றன. இடம் குறைவு என்பதால்தான் சொற்களைச் சுருக்குகிறோம் என்று சிலர் நினைப்பதுண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. பிரிட்டிஷ் எழுத்தாளரும் ஓவியருமான அந்தோணி பிரௌன் 1983-இல் வெளியிட்ட ‘கொரில்லா’ என்ற படக்கதையில், ஹன்னா என்ற சிறுமியின் அப்பாவுக்கு எதற்குமே நேரமில்லை என்பதை வரிகள் சொல்லிவிடுகின்றன, ஆனால் அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்திருக்கும் அந்தச் சமையலறையின் குளிர்ந்த நீலத்தைப் படம்தான் சொல்ல முடியும். பிறந்தநாளன்று விலங்குக் காட்சிசாலைக்குப் போகலாமா என்று அதே அப்பா கேட்கும் பக்கத்தில், அவருடைய பின்பையில் ஒரு வாழைப்பழம் செருகியிருக்கிறது. இரவெல்லாம் கொரில்லாவோடு ஊர் சுற்றிய ஹன்னாவுக்கும் நமக்கும் அந்தப் பழம் எவ்வளவோ சொல்கிறது, எழுத்தில் அதைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது.

நம் கதையின் கடைசிப் பக்கத்தை மறுபடி பாருங்கள். அப்பாவின் பை காலியாக இருக்கிறது; ரிப்பன் மகளின் பின்னலில், முடிச்சின் ஒரு காது நீண்டும் மறுகாது குறுகியும், கோணலாகக் கட்டப்பட்டிருக்கிறது. பழக்கமில்லாத கை கட்டிய முடிச்சு அது. அதன்கீழ் ‘அப்பாவுக்கு அவள்மேல் கொள்ளைப் பிரியம்’ என்று அச்சிட்டால், முடிச்சைப் பார்க்க யாருக்கும் தோன்றாது. ஆகவே அடுத்த பதிப்பிலும் அந்த வரி இடம்பெறாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பக்கம் புரட்டும் வேலையை மகளிடமே விட்டுவிடுங்கள். வரி முடிந்ததும் நாம் புரட்டிவிடுகிறோம், அவள் அதற்குள் பார்த்து முடித்திருக்க மாட்டாள்.