ஐரிஷ் கிரீம் மதுவில் பாலின் கொழுப்பு ஏன் தனியாகப் பிரிவதில்லை?

ஐரிஷ் விஸ்கி, பால் கிரீம், சர்க்கரை சேர்ந்த இனிப்பு மதுவே ஐரிஷ் கிரீம். கோகோ மணமும் பெரும்பாலும் இருக்கும். ஆல்கஹால் ஏறத்தாழ 17 சதவீதம். விஸ்கியில் உள்ளதில் பாதிகூட இல்லை.

விஸ்கியில் கிரீமை வெறுமனே கலந்து வைத்தால் கொழுப்பு மேலே மிதந்துவிடும். ஆலையில் இந்தக் கலவையை மிகுந்த அழுத்தத்தில் நுண்ணிய இடைவெளி வழியே செலுத்துகிறார்கள். கொழுப்பு கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உடைகிறது. பாலின் கேசின் புரதம் ஒவ்வொரு துளியையும் போர்த்தி, அவை மீண்டும் ஒட்டாமல் காக்கிறது. கறந்த பாலை அப்படியே வைத்தால் மேலே கொழுப்பு திரளும், ஒருசீராக்கிய பாக்கெட் பாலில் திரளாது அல்லவா? அதே வித்தைதான். கெடாமல் காப்பது ஆல்கஹால். ஆனால் எலுமிச்சைச் சாற்றை மட்டும் இதில் சேர்க்காதீர்கள். அமிலம் பட்டதும் கேசின் திரிந்துவிடும்.

இது அயர்லாந்தின் நூற்றாண்டுப் பழமையான பானம் என்று பலர் நம்புகிறார்கள். முதல் தயாரிப்பான பெய்லிஸ் விற்பனைக்கு வந்ததே 1974இல்தான். அதற்கு முந்தைய ஆண்டு லண்டனில் புதுப் பொருள்களை உருவாக்கித் தரும் ஆலோசகர்களான டேவிட் க்ளக்மனும் ஹ்யூ சீமோர்-டேவிஸும் ஜேம்சன் விஸ்கியில் கிரீமையும் சாக்லேட் பொடியையும் கலந்து பார்த்ததில் பிறந்தது அது.