திறப்பு உங்கள் பொக்கற்றில்: தொழிற்சாலைப் பாதுகாப்பு கேள்வி பதில்

கே (குருநகர்): அண்ணை, ஐஸ் ஃபக்டரியில் அமோனியா கசிந்தால் எந்தப் பக்கம் ஓடுவது?

ப: காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரையில் ஒரு துணித்துண்டு கட்டிவைத்தால் அது காட்டித்தரும். புகைக்குக் குறுக்காக விலகி, அப்புறம் காற்று வரும் பக்கம் போங்கள். அமோனியா காற்றைவிட இலேசுதான். ஆனால் கசியும்போது குளிர்ந்த வெண்புகையாக நிலத்தோடு தவழும். மேலே போய்விடும் என்று நம்பி நிற்கவேண்டாம். கண்ணில் பட்டால் 15 நிமிடமாவது தண்ணீரால் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். திரவமாகத் தேங்கியதன்மேல் தண்ணீர் அடிக்காதீர்கள், இன்னும் வேகமாக ஆவியாகும்.

கே (அச்சுவேலி): ட்றில் மெஷினில் நிற்கிறவருக்குக் கையுறை வாங்கிக் கொடுத்தோம். சரிதானே?

ப: கழற்றச் சொல்லுங்கள். சுற்றுகிற பிட் நூலைப் பிடித்தால் விரலையும் சேர்த்து இழுக்கும். துளைக்கும்போது வரும் சுருள் இரும்பைத் தள்ளப் பிரஷ் போதும், அதுவும் மெஷினை நிற்பாட்டிவிட்டு.

கே (சுன்னாகம்): அப்ப கை வெட்டுப்படாதா? நாங்கள் 12 வருடமாகப் போடுகிறோம்.

ப: நான் வேலை பார்த்த ஓரிடத்தில் நூல் கையுறையின் நுனி பிட்டில் சுற்றியது. ஒரு செக்கன்தான். மெஷின் நின்றபோது கையுறை கயிறுபோல முறுகிக் கிடந்தது, உள்ளே விரல் நுனி. தகடு தூக்கும்போது போடுங்கள், சுவிச் போடுமுன் கழற்றுங்கள்.

கே (சுன்னாகம்): கைக்கிரைண்டருக்கும் கூடாதா?

ப: அது வேறு கதை. இரண்டு கையும் பிடியில் இருக்கும், கைக்கு இறுக்கமான தோல் கையுறை போடலாம். தட்டின் காவல் மூடியைக் கழற்றி வைத்திருப்பவர் முதலில் அதை மாட்டிவிட்டு வந்து கேட்கட்டும்.

கே (சாவகச்சேரி): மில் மெஷினின் பட்டி (பெல்ட்) கழன்றால் மெயினை நிற்பாட்டத்தான் வேணுமா?

ப: நிற்பாட்டிப் பூட்டவும் வேணும். சுவிச்சை மட்டும் இறக்கினால், விஷயம் தெரியாத ஒருவர் வந்து போட்டுவிடுவார். பட்டி மாட்டுகிறவரின் சொந்தப் பூட்டு, திறப்பு அவர் பொக்கற்றில். சாரத்தோடு பட்டிக்குக் கிட்டப் போகவும் வேண்டாம்.

கே (கோண்டாவில்): விபத்தை யாருக்கு அறிவிப்பது?

ப: இலங்கையின் 1942 இன் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச்சட்டப்படி, உயிர் போனாலோ, காயப்பட்டவர் 3 நாளுக்கு மேல் வேலை செய்ய முடியாமற் போனாலோ, உங்கள் மாவட்டத் தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும். நட்டஈடு வேறு சட்டம், 1934 இன் 19 ஆம் இலக்கம்.

கே (கொடிகாமம்): பட்டியை ஓட்டத்திலேயே தடியால் தள்ளி ஏற்றலாமா?

ப: சாவகச்சேரிக்குச் சொன்னதை வாசியுங்கள்.

கே (மானிப்பாய்): எர்த் வயர் எந்த அளவு போடுவது?

ப: அதை மின்சார வேலை படித்தவரிடம் கேளுங்கள்.

கே (மீசாலை): பட்டி மாட்ட இரண்டு நிமிடம்தானே, அதற்கும் பூட்டா?

ப: பூட்டு. திறப்பு. பொக்கற்.

கே (சுன்னாகம்): அண்ணை, ட்றில்லுக்கு றப்பர் கையுறை என்றால்?

ப: அதையும் இழுக்கும். கழற்றுங்கள் தம்பி.