பழைய ஸ்டீல் ரோட் பைக்கில் பிரேக் லீவரிலேயே கியர்: ஃப்ரேமை வளைக்காமல் முடியுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் 1980களின் ஸ்டீல் ரோட் பைக் ஒன்று இருக்கிறது. முன்னால் 52, 42 பல் சக்கரங்கள், பின்னால் 6 ஸ்பீட் ஃப்ரீவீல் (ஹப்பில் திருகி ஏற்றும் பல்சக்கரக் கொத்து). கியர் லீவர்கள் ஃப்ரேமின் கீழ்க்குழாயில் உள்ளன. ஒகேனக்கலிலிருந்து பென்னாகரம் ஏறும்போது ஒவ்வொரு முறையும் ஹேண்டில்பாரை விட்டுக் குனிந்து லீவரைத் தேடவேண்டியிருக்கிறது. பிரேக் லீவரிலேயே கியர் மாற்றும் ஷிஃப்டர் போடலாமா? 11 ஸ்பீட் செட்டே வாங்கிவிடு என்கிறார்கள் நண்பர்கள். (தருமபுரி வாசகர்)

பதில்: போடலாம். 11 ஸ்பீட் மட்டும் வேண்டாம். அதற்குப் புதுச் சக்கரம், புது கிராங்க், அகலப்படுத்திய ஃப்ரேம் என்று ஒன்றன்பின் ஒன்றாகச் செலவு இழுக்கும். உங்கள் வண்டிக்குப் பொருந்துவது 7 ஸ்பீட்.

முதலில் பின்சக்கரத்தைக் கழற்றி, ஆக்சில் உட்காரும் இரண்டு தகடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். அக்கால 6 ஸ்பீட் வண்டிகளில் பெரும்பாலும் 126 மி.மீ. இருக்கும். 120 என்றால் அது 5 ஸ்பீடுக்கான ஃப்ரேம், கணக்கே வேறு. 8 ஸ்பீடிலிருந்து மேலே உள்ளவற்றுக்கு 130 மி.மீ. வேண்டும். 7 ஸ்பீட் ஃப்ரீவீலோ 126-க்குள்ளேயே அடங்கிவிடும்.

ஃப்ரீவீலை அப்படியே விட்டுவிட்டு ஷிஃப்டரை மட்டும் மாற்றலாமே என்று தோன்றும். அங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். பழைய லீவரில் கிளிக் கிடையாது, சங்கிலி உட்காரும் இடத்தைக் கைதான் கண்டுபிடித்தது. புது ஷிஃப்டர் ஒவ்வொரு கிளிக்குக்கும் குறிப்பிட்ட நீளக் கேபிளை மட்டுமே இழுக்கும். பழைய 6 ஸ்பீடில் பல்சக்கரங்களுக்கு இடையே சுமார் 5.5 மி.மீ., 7 ஸ்பீடில் 5 மி.மீ. கிளிக்குக்கு அரை மி.மீ. பிசகினால் ஐந்தாவது கிளிக்கில் 2.5 மி.மீ. ஆகிவிடும். சங்கிலி இரண்டு பல்சக்கரங்களுக்கு நடுவில் நின்று கரகரக்கும். எந்த டியூனிங்கிலும் அது சரியாகாது. ஷிஃப்டர், பின் டீரெய்லர் (சங்கிலியைப் பல்சக்கரம் மாற்றி நகர்த்தும் கருவி), ஃப்ரீவீல் மூன்றும் ஒரே கணக்கில் இருந்தாக வேண்டும்.

வாங்க வேண்டியவை: ஷிமானோ டூர்னி ஏ070 ஷிஃப்டர் ஜோடி (2x7), ஷிமானோ 7 ஸ்பீட் ஃப்ரீவீல், ஷிமானோ பின் டீரெய்லர், 7/8 ஸ்பீட் செயின், கீழ்க்குழாய் லீவர் இருந்த இடத்தில் பொருத்தும் கேபிள் ஸ்டாப் (கேபிள் உறையின் முனையைத் தாங்கும் துண்டு) ஜோடி, புது கேபிள்கள். ஷிமானோவின் 6 முதல் 9 ஸ்பீட் வரையிலான பின் டீரெய்லர்கள், எம்டிபி (மலை சைக்கிள்) வகை உட்பட, ஒரே இழுவைக் கணக்கில் வருபவை. பழைய டியூரா ஏஸ் மட்டும் விதிவிலக்கு. சன்டூர், கம்பாக்னோலோ கம்பெனிப் பழசுகளை இந்த ஷிஃப்டரோடு சேர்க்காதீர்கள்.

ஏ070-இல் ஒரு குறையும் உண்டு. சின்னப் பல்சக்கரத்துக்கு இறக்கும் பொத்தான் கட்டைவிரலுக்கு நேரே மேலே இருக்கிறது. ஹூட்மேல் (பிரேக் லீவரின் ரப்பர் பிடிமேல்) கை இருக்கும்போது சுலபம், வளைவின் அடியில் கை இருக்கும்போது எட்டாது. கியர் கேபிளும் பக்கவாட்டில் துருத்திக்கொண்டு வரும். பார்வைக்கு அழகில்லை, வேலைக்குக் குறையில்லை.

உங்கள் ஏற்றத்துக்கு ஃப்ரீவீலைத் தேர்ந்தெடுப்பதும் முக்கியம். 42 பல் முன்சக்கரத்துக்கு 28 பல் பின்சக்கரம் என்றால் விகிதம் 1.5, முழங்கால் நோகும். 14-34 ஃப்ரீவீல் போட்டால் 42/34, அதாவது 1.24. இன்றைய காம்பாக்ட் கிராங்கில் (முன்பல்சக்கரங்கள் சிறியவை) வரும் 34/28-இன் 1.21-க்குக் கிட்டத்தட்டச் சமம், கிராங்கைத் தொடவே வேண்டாம். ஆனால் 34 பல்லை ஏற்கும் நீளமான கூண்டுள்ள டீரெய்லர் வேண்டும். டூர்னி டிஒய்300 போதும். ஃப்ரேமில் டீரெய்லர் ஹேங்கர் (டீரெய்லரைத் திருகும் மரையுள்ள காது) இல்லையென்றால் கொக்கித் தகட்டோடு வரும் வகையைக் கேளுங்கள்.

பழைய ஃப்ரீவீலைக் கழற்ற அதற்கே உரிய டூல் வேண்டும். ஷிமானோவுக்கு ஒன்று, சன்டூருக்கு இன்னொன்று. டூலை வைஸில் இறுக்கி, மேலே சக்கரத்தைக் கவிழ்த்து, ரிம்மை ஸ்டீயரிங் போல இடப்பக்கம் திருப்புங்கள். முதல் இளக்கத்துக்குப் பிறகு தானாக வரும். உளி வைத்துத் தட்டினால் ஹப்பின் மரை போய்விடும். புது ஃப்ரீவீலை ஏற்றும்போது மரையில் கிரீஸ் தடவுங்கள். கடைசிச் சின்னப் பல்லுக்கும் ஃப்ரேமுக்கும் நடுவே சங்கிலிக்கு இடமில்லையென்றால் ஆக்சிலின் வலப்பக்கக் கோனுக்கும் அதன் லாக் நட்டுக்கும் நடுவே 1 மி.மீ. வாஷர் சேருங்கள். ரிம் நடுவிலிருந்து விலகினால் போக்ஸ் கம்பிகளை இழுத்துச் சரிசெய்ய வேண்டும்.

8 ஸ்பீட்தான் வேண்டுமென்றால் ஃப்ரேமை இருபுறமும் 2 மி.மீ. விரிக்க வேண்டும். ஸ்டீலில் மட்டுமே இது சாத்தியம், அலுமினியத்தில் கூடவே கூடாது. வெல்டிங் பட்டறையில் சூடேற்றி வளைக்கச் சம்மதிக்காதீர்கள், மூட்டுகள் பலவீனமாகும். 8 ஸ்பீடுக்கு ஃப்ரீவீல் ஹப்பும் ஆகாது. வலப்பக்கம் ஆக்சில் தாங்கலின்றி நீளமாக நிற்பதால் வளையும். பல்சக்கரங்கள் ஹப்பின் உடலிலேயே செருகி உட்காரும் கேசட் ஹப்தான் சரி.

பிரேக்கை அசட்டை செய்யாதீர்கள். புது லீவர் பழையதைவிட அதிகக் கேபிளை இழுக்கும், அதனால் பழைய ஒற்றை அச்சு காலிப்பரில் (ரிம்மைப் பிடிக்கும் பிரேக் கவ்வியில்) விரல் வலு கூடுதலாகத் தேவைப்படும். ஒகேனக்கல் இறக்கத்தில் இது விளையாட்டல்ல. இரட்டை அச்சு காலிப்பர் போடுங்கள். வாங்குமுன் பிரேக் போல்ட்டின் மையத்திலிருந்து ரிம்மில் பிரேக் கட்டை படும் இடம் வரை அளந்துகொள்ளுங்கள். டெக்ட்ரோ ஆர்539 47 முதல் 57 மி.மீ. வரையும், ஆர்559 55 முதல் 73 மி.மீ. வரையும் எட்டும். பழைய ஃபோர்க்குக்கு வெளியில் நட்டு போடும் வகையைக் கேளுங்கள். ஸ்டீல் ரிம் என்றால் மழையில் பிரேக் பிடிக்காது, அலுமினிய ரிம்முக்கு மாறுவது நல்லது.

பிரேக்கின் அவுட்டர் கேபிளும் (வெளி உறை) கியரின் அவுட்டரும் வேறு வேறு. கியர் அவுட்டரைப் பிரேக்கில் போட்டால் அழுத்தத்தில் பிளந்துவிடும்.

டியூன் செய்யுமுன் டீரெய்லர் ஹேங்கர் நேராக உள்ளதா பாருங்கள். இன்னொரு குயிக் ரிலீஸ் பின்சக்கரத்தின் 10 மி.மீ. ஆக்சிலை ஹேங்கரின் மரையில் திருகினால் அந்த ரிம் உங்கள் ரிம்முக்கு இணையாக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் அந்தச் சக்கரத்தையே பிடித்து மெதுவாக நிமிர்த்தலாம். சின்னப் பற்களில் சரியாகவும் பெரியவற்றில் தகராறாகவும் கியர் விழுந்தால் குற்றவாளி பெரும்பாலும் இந்த ஹேங்கர்தான்.

பிறகு சங்கிலியைச் சின்னப் பல்லில் வைத்து, ஷிஃப்டரை முழுக்க இறக்கி, கேபிளை இழுத்துக் கட்டி ஒரு கிளிக் கொடுங்கள். ஏறாவிட்டால் டீரெய்லரில் கேபிள் நுழையும் இடத்து அட்ஜஸ்டரை அரைச் சுற்று இடப்பக்கம் திருப்புங்கள். முதல் சில சவாரிகளில் கேபிள் படிந்து தளரும், இதே அரைச் சுற்று மீண்டும் தேவைப்படும். அது முடியும்வரை தருமபுரியைச் சுற்றிச் சமவெளியிலேயே ஓட்டுங்கள்.