இயற்பியலும் செயற்கை நுண்ணறிவும் சேர்ந்த ஆய்வு மையத்தில் என்னதான் செய்கிறார்கள்? சாட்பாட்டிடம் கேள்வி கேட்பார்களா?

இல்லை. அமெரிக்காவின் எம்ஐடி தலைமையில் ஹார்வர்டு, நார்த்ஈஸ்டர்ன், டஃப்ட்ஸ் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து 2020-இல் தொடங்கிய ‘ஐஃபை’ மையத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புரோட்டான், நியூட்ரான்களுக்குள் இருக்கும் குவார்க்குகளைப் பிணைக்கும் விசையைக் கணக்கிட, வெளியையும் காலத்தையும் வலைபோல் புள்ளிகளாகப் பிரித்து, புலத்தின் நிலைகளை மாதிரியெடுக்க வேண்டும். புள்ளிகளின் இடைவெளி சுருங்கச் சுருங்க தற்செயல் எண்களைக் கொண்டு மாதிரியெடுக்கும் வழக்கமான மான்டே கார்லோ முறை திணறும். அடுத்தடுத்த மாதிரிகள் ஏறக்குறைய ஒன்றுபோலவே வரும்.

அதனால் மாதிரிகளை நியூரல் நெட்வொர்க்கே உருவாக்குகிறது. கேஜ் சமச்சீர்மையை (புலத்தை விவரிக்கும் விதத்தைப் புள்ளிக்குப் புள்ளி மாற்றினாலும் இயற்பியல் மாறாது என்ற விதி) பயிற்சியில் கற்றுக்கொள்ளட்டும் என்று விடாமல், நெட்வொர்க்கின் கட்டமைப்பிலேயே பொதித்துவிடுவார்கள்.

அப்படியும் அதை நம்பிவிடுவதில்லை (இதுதான் எனக்குப் பிடித்த இடம்). ஒவ்வொரு மாதிரியையும் ஏற்பதா தள்ளுவதா என்பதை, அது வரவேண்டிய சரியான நிகழ்தகவோடு ஒப்பிட்டு, மெட்ரோபோலிஸ் சோதனை முடிவுசெய்யும். நெட்வொர்க் சுமாராக இருந்தால் பெரும்பாலும் நேரம்தான் வீணாகும். ஆனால் சில நிலைகளை அது அடியோடு தவறவிட்டால் விடையே பிசகும். வலை பெரிதானால் ஏற்கப்படும் மாதிரிகள் மளமளவென்று குறைவது இன்னும் தீராத தலைவலி.